வாசிக்கப்படாத திருத்தம்

பேருந்து நிலையத்தின் மாடியில், படிக்கட்டு முடியும் இடத்தில், மூன்று பக்கமும் கண்ணாடி பொருத்திய அறை ஒன்று உண்டு. உள்ளே ஒரு மேசை, கழுத்து வளைந்த ஓர் ஒலிவாங்கி, ஓடினால் இரைகிறது என்பதற்காக எப்போதும் நிறுத்தியே வைக்கப்பட்டிருக்கும் ஒரு மின்விசிறி. அந்த மேசைக்கு முன்னால் பாதி ஆயுளைக் கழித்த அறிவிப்பாளரின் முகத்தை நகரத்தில் பெரும்பாலோர் பார்த்ததில்லை. குரல் மட்டும் எல்லாருக்கும் தெரியும். ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவருக்குக் ‘கணீர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

“கணீர் அண்ணே, என் வண்டியைச் சொல்லும்போது மட்டும் குரல் ஏன் இறங்குது?” என்று துறைமுக வழித்தடத்து ஓட்டுநர் ஒருவர் கேட்பார்.

“உன் வண்டி புறப்படும்னு எனக்கே நம்பிக்கை இல்லையே தம்பி. பொய்யைச் சத்தமாச் சொல்ல எனக்கு வராது.”

வேடிக்கையாகத்தான் சொல்வார். ஆனால், தொழிலில் அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டதில்லை. அந்தக் கண்ணாடி அறைக்கென்று ஒரு முறை இருந்தது. எந்த விதிப் புத்தகத்திலும் அது எழுதப்படவில்லை. தவறாக அறிவித்தவரே, அதே ஒலிவாங்கியில், ‘திருத்தம்’ என்ற சொல்லோடு தொடங்கி, சரியானதை மும்முறை சொல்ல வேண்டும். வேறொருவர் சொன்னால் செல்லாது. ஒரு குரலை நம்பி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஐந்தாம் தடத்துக்கு ஓடியவர்கள், இன்னொரு குரலை நம்பி எட்டாம் தடத்துக்கு ஓட மாட்டார்கள் என்பதே அதற்குக் காரணம். ஒருநாள் பணி முடிந்து வீடு திரும்பிய பிறகுதான், தாம் கடைசியாகச் சொன்ன தட எண் தவறு என்பது கணீருக்கு உறைத்தது. குளித்துக்கொண்டிருந்தவர் தலையைத் துவட்டாமலேயே ஓடிவந்தார். மேசையெல்லாம் ஈரம். மும்முறை திருத்தம் சொல்லி முடித்துவிட்டுத்தான் சட்டைப் பொத்தான்களைப் போட்டார். அதைக் கேலி செய்தவர்களும் பெருமையோடுதான் கேலி செய்தார்கள்.

ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தபோது அவருடைய நாக்கு தடிக்கத் தொடங்கியது. முதலில் போனது ழகரம். ‘வழித்தடம்’ ‘வயித்தடம்’ ஆயிற்று. பிறகு ஒவ்வோர் எழுத்தும் அடுத்ததன்மேல் சாய ஆரம்பித்தது. காலையில் ஓரளவு தெளிவாக இருக்கும், மாலையில் குழறும். தண்ணீர் குடித்தால் புரையேறும். எல்லாவற்றிலும் விசித்திரம் அந்தச் சிரிப்பு. சிரிப்பதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் பீறிட்டுக்கொண்டு வரும்; அடக்க முயன்றால் இன்னும் பெருகும்.

அவருடைய மனைவி ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் வேலை பார்த்தாள். ஊர்ப் பேச்சு முழுவதும் அந்தக் கடை வழியாகத்தான் போய்வரும். குழறிய பேச்சும் காரணமற்ற சிரிப்பும் எதன் அடையாளங்கள் என்பதை அவளுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் எதிரே வந்து நிற்பாள்.

“வாயைத் திறங்க.”

“திறந்தாச்சு.”

“இன்னும்.”

“இதுக்கு மேல திறந்தா குடல் தெரியும். ரெண்டு பல்லு சொத்தை. அதைத் தவிர உள்ளே ஒண்ணும் கிடையாது.”

மோந்து பார்ப்பாள். எந்த வாடையும் இராது. வாடையில்லாததே அவளுடைய ஐயத்தை வளர்த்தது. வாடை தெரியாத சரக்கெல்லாம் இப்போது வருகிறது என்று கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள். அலமாரியில் துணிகளுக்கு அடியில் தேடினாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தேடினாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பரணையும் பாத்துடு. அரைகுறையா விடாதே” என்றார்.

பெருமழை பெய்த ஒரு மாலையில் எல்லாம் வெளிப்பட்டது. வெளிப்பட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். வண்டிகள் எவையும் வந்து சேரவில்லை. நிலையம் முழுக்க நனைந்த கூட்டம். ‘பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்’ என்று சொல்லத் தொடங்கிய கணீருக்குப் பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. ஒலிபெருக்கிகள் அனைத்திலும் அந்தச் சிரிப்பு ஓடிற்று. கீழே சிலர் கூடச் சிரித்தார்கள். பிறகு ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். நிலைய மேலாளர் படியேறி வந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒலிவாங்கியைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டு, “அறிவிப்பாளர் நிதானத்தில் இல்லை. பயணிகள் பொறுத்துக்கொள்ளவும்” என்றார்.

நிதானத்தில் இல்லை என்றால் என்ன பொருள் என்று அங்கே நின்ற குழந்தைக்கும் தெரியும்.

ஊதிக் காட்டும்படி எவரும் சொல்லவில்லை; மருத்துவர் எவரும் அழைக்கப்படவில்லை. அவரை வேலையிலிருந்து நீக்கவும் இல்லை. வேலைக்கு வர வேண்டாம் என்று மட்டுமே சொன்னார்கள். நிர்வாகம் தன் சொற்களைக் கவனமாகத் தேர்ந்தெடுக்கும்.

அதன் பிறகு பல் மருத்துவர், தொண்டை மருத்துவர் என்று அலைந்து, கடைசியில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். நாக்கை நீட்டச் சொன்னார் அவர். நீட்டிய நாக்கின் தோலுக்கு அடியில் புழுக்கள் நெளிவதைப்போல் தசை துடித்துக்கொண்டிருந்தது. சோதனைகள் முடிந்தபின் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். இயக்க நரம்பணு நோய். தசைகளை அசைக்கும் நரம்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்துபோகும். முதலில் பேச்சு, விழுங்குதல், பிறகு கை, கால், இறுதியில் மூச்சு. அறிவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. அந்தச் சிரிப்பும் நோயின் பகுதிதான்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

“அப்ப இவர் குடிக்கவே இல்லையா டாக்டர்?”

மருத்துவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. கணீருக்கு விளங்கியது. மரண ஓலையைக் கையில் வாங்கிய அந்த நேரத்தில், அவர் முகத்தில் வந்தது நோயின் சிரிப்பு இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அவர் ஒன்றே ஒன்று சொன்னார். குழறிக் குழறி, இரண்டு முறை சொன்னார். “அந்த மைக்ல சொன்னாரு. அதே மைக்ல திருத்தணும்.”

வாழ வேண்டும் என்று கேட்டுப் பயனில்லை என்பதை ஏற்றுக்கொண்ட மனிதர், கேட்கத்தக்கது என்று இதை மட்டுமே வைத்துக்கொண்டார். மேலாளரிடம் மருத்துவச் சான்றோடு மனைவி போனாள். “நோய்னு இப்பத்தானேம்மா தெரியுது? அன்னிக்கு எனக்கு என்ன தெரியும்? நான் பார்த்ததைச் சொன்னேன்” என்றார் அவர். பேச்சு மரியாதையாகவே இருந்தது. நாற்காலியும் கொடுத்தார். திருத்தத்தை மட்டும் கொடுக்கவில்லை.

இந்த நோயாளிகளுக்கென்று ஒரு சங்கம் இருப்பதை மருத்துவர்தாம் சொன்னார். டயர் கடையொன்றின் மாடியில் வாடகை குறைவு என்பதற்காக அறை எடுத்திருந்தார்கள். நடக்க முடியாதவர்களின் சங்கத்துக்கு மாடிப்படி. டயர் கடை ஆட்கள் சக்கர நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்து வைப்பார்கள். அவர்களுடைய பழக்கத்துக்கு அது பெரிய சுமை அன்று.

சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். கணவரை இதே நோய்க்குக் கொடுத்த அம்மாள். அவருக்கு இரக்கம் உண்டு. ஆனால், அதைக் காட்டிக்கொண்டிருக்க நேரம் இல்லை.

“புத்துநோய்னு சொன்னா ஜனங்க பயந்துபோய்க் காசு தர்றாங்க. நம்ம நோயைச் சொன்னா, ‘வாதமா? எண்ணெய் தேய்ச்சுப் பாத்தீங்களா?’ன்னு கேக்கறாங்க” என்றார் முதல் நாளே. “மருத்துவக் கல்லூரியில ரெண்டு பேர் ஆராய்ச்சி பண்ண ரெடியா இருக்காங்க. நம்ம ரத்தத்தை எடுத்துவைக்க ஒரு குளிர்பெட்டிகூட அவங்ககிட்ட இல்லை. உங்க குரல் ஊருக்கே தெரியும். அந்தக் குரல் போகப்போகுதுன்னு அந்தக் குரலே சொன்னா, யார் கேக்காம போவாங்க?”

கணீர் ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை வைத்தார். அந்தப் பதிவில் திருத்தமும் இருக்க வேண்டும். அது பேருந்து நிலையத்தில் ஒலிக்க வேண்டும். “இதுல என்ன கஷ்டம்? கட்டாயம் போடுவோம்” என்றார் செயலாளர். அன்று அவர் அதை உண்மையாகவே சொன்னார்.

நாக்கு புதிதாக இருக்கும் காலை வேளைகளில் பதிவு நடந்தது. ஒரு மூச்சுக்கு மூன்று, நான்கு சொற்கள்தாம் வரும். துண்டு துண்டாகப் பேசி, துண்டுகளை ஒட்டினார்கள். பல காலைகள் ஆயின. ‘வணக்கம். இந்தக் குரலை நீங்கள் அறிவீர்கள். இன்னும் சிறிது காலத்தில் இது எனக்கு இருக்காது’ என்று தொடங்கி, நோயைப் பற்றிச் சொல்லி, ஆராய்ச்சிக்கு உதவுமாறு கேட்டு முடியும். திருத்தத்தைக் கடைசியாகப் பதிவு செய்தார். அதற்கு மட்டும் ஒட்டு வேண்டாம் என்று பிடிவாதம். ‘திருத்தம். அன்று அறிவிப்பாளர் நிதானத்தில்தான் இருந்தார். அவருக்கு வந்திருந்தது நோய்.’ மேலாளர் சொல்ல மறுத்ததைத் தாமே சொல்வது முறைக்கு மாறானது என்று அவருக்குத் தெரியும். அதே ஒலிவாங்கியில் ஒலித்தால் போதும் என்று தம்மைத் தேற்றிக்கொண்டார்.

சங்கத்தில் தையற்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். அவளுக்கும் நாக்கில்தான் தொடங்கியிருந்தது. கணீருக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருவாள்.

“அண்ணே, உங்களுக்கு முதல்ல எந்த எழுத்து போச்சு?”

அவர் விரலால் காற்றில் எழுதிக் காட்டினார்.

“எனக்கும் அதேதான். போனா போகட்டும், பாதிப் பேர் அதை உச்சரிக்கறதே இல்ல. நாம மட்டும் கட்டி அழணுமா?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “கை மட்டும் கொஞ்ச நாள் இருந்தா போதும்ணே. சின்னவ ஒண்ணாங்கிளாஸ்தான் போறா” என்றாள்.

குளிர் போய் வெயில் வருவதற்குள் கணீரின் பேச்சு முற்றிலும் நின்றது. கைகளும் போயின. மனைவி கடையிலிருந்து அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வெட்டி, அதில் எழுத்துகளை வரிசையாக எழுதினாள். மெய்யெழுத்து வரிசையை விரலால் தடவிக்கொண்டே போவாள்; வேண்டிய இடத்தில் அவர் இமையை மூடுவார். பிறகு உயிரெழுத்து வரிசை. ஒரு சொல்லுக்குள் சோறு ஆறிவிடும்.

அந்த நிலையில், பதிவை வெளியிடும் நிகழ்ச்சிக்கு முந்தைய நாள், செயலாளர் வீட்டுக்கு வந்தார். போக்குவரத்து நிர்வாகமே நிகழ்ச்சியை ஏற்று நடத்த முன்வந்திருந்தது. பெரிய தொகை; இரண்டு தவணை. ஓராண்டுக்குப் பதிவு எல்லா நிலையங்களிலும் ஒலிக்கும். பழைய மேலாளர் இப்போது வட்டார அதிகாரியாகிவிட்டார். காசோலையை அவர்தாம் கொடுப்பார்.

“அந்தக் கடைசி வரியை எடுத்துடணும்னு சொல்றாங்க” என்றார் செயலாளர், தண்ணீரைக்கூடத் தொடாமல். “அது இருந்தா, தப்பா வெளியே அனுப்பினோம்னு அவங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம். நான் சண்டை போட்டேன். வரி இருந்தா பணம் இல்லை, அவ்வளவுதான்.”

மனைவிக்கு முகம் சிவந்தது. “வாக்குக் கொடுத்தீங்களே அம்மா.”

“கொடுத்தேன். அதனாலதான் நானே முடிவு பண்ணாம இங்கே வந்து உக்காந்திருக்கேன். அவர் வேணாம்னா நாளைக்கு நிகழ்ச்சியே வேணாம். குளிர்பெட்டியும் வேணாம். அவர் சொல்லட்டும்.”

மனைவி அட்டையை எடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் அட்டையைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். எடுத்தே ஆக வேண்டியதாயிற்று. அவள் விரல் மெதுவாக நகர்ந்தது.

‘தையல் பொண்ணுக்கு மருந்து வரணும். எடுத்துடுங்க.’

செயலாளர் கண்களைத் துடைத்துக்கொண்டார். வாசலில் அவர் செருப்பை மாட்டும்போது மனைவி, “நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?” என்று கேட்டாள். அதற்கு மேல் கேட்பதற்கு அவளிடம் ஒன்றுமில்லை.

நிகழ்ச்சி சிறப்பாக நடந்தது. பலூன்கள் கட்டியிருந்தார்கள், கதவளவு அட்டையில் காசோலை எழுதியிருந்தார்கள். கல்லூரி மாணவர்கள் பதாகைகளோடு நடந்துவந்தார்கள். வட்டார அதிகாரி ஒலிவாங்கியின் முன் நின்று, “எங்கள் குடும்பத்தில் ஒருவரான இவருக்கு முதல் நாள் தொட்டு நாங்கள் துணை நிற்கிறோம்” என்றார். சக்கர நாற்காலியில் இருந்த கணீருக்கு அப்போது சிரிப்பு வந்துவிட்டது. உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். புகைப்படக்காரர்கள் ஓடிவந்தார்கள். மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. கீழே ‘மகிழ்ச்சியில் திளைக்கும் அறிவிப்பாளர்’ என்று போட்டிருந்தார்கள்.

பதிவு நாள்தோறும் ஒலித்தது. சங்கம் விரும்பிய விழிப்புணர்வு ஏற்பட்டுவிட்டது என்றே சொல்ல வேண்டும். நோயின் பெயரை இதற்கு முன் கேட்டிராதவர்கள்கூட இப்போது சரளமாகச் சொன்னார்கள். அதை மளிகைக் கடையில்தான் மனைவி முதலில் கேட்டாள். பருப்பு வாங்க வந்த இருவர், அவள் யார் என்று தெரியாமலேயே பேசிக்கொண்டிருந்தார்கள்.

“கேட்டியா அந்தக் குரலை? பாவம்.”

“என்ன பாவம்? மழையன்னிக்கு நான் அங்கதான் இருந்தேன். முழுப் போதையில சிரிச்சான். குடி நரம்பைத் தின்னுடுச்சு. அதான் இந்த நோய்.”

“ஓ, குடிச்சா வர்றதா இது?”

“பின்னே?”

மனைவி பொட்டலத்தைக் கட்டாமல் வைத்துவிட்டு, “அவர் குடிச்சதே இல்லை” என்றாள்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான் அவர் சம்சாரம்.”

அவர்கள் இரக்கத்தோடு அவளைப் பார்த்தார்கள். “எந்தப் பொண்டாட்டிதான் ஒத்துக்குவா, விடும்மா” என்று ஒருவர் ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் பருப்பை எடுத்துக்கொண்டு போனார்.

அவர்கள் இருவரோடு அது நிற்கவில்லை. நோயின் பெயர் போன இடமெல்லாம் காரணமும் கூடவே போயிற்று. நிலையத்தில் பயணிகள் குரலைக் கேட்டார்கள். குரலுக்குரியவரைப் பற்றி ஓட்டுநர்கள் சொன்ன கதையையும் கேட்டார்கள். இரண்டுக்கும் குறுக்கே நின்றிருக்க வேண்டிய வரி எடுக்கப்பட்டுவிட்டதால் அவை ஒழுங்காகப் பொருந்திக்கொண்டன.

தையற்காரப் பெண் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய பேச்சும் இப்போது பாதிக்கு மேல் குழறியது. தைக்க வெட்டிவைத்த துணியைக்கூட வாடிக்கையாளர்கள் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறார்களாம். சின்ன மகளைப் பள்ளியில், ‘உங்கம்மா குடிக்கிறாங்களா?’ என்று கேட்டிருக்கிறார்கள்.

“டீச்சர் கேட்டாங்களாம்ணே. பசங்க கேட்டிருந்தா விட்டுடலாம்” என்றாள். பிறகு, “நான் கஷாயம் குடிச்சாலே வாந்தி எடுக்கறவ” என்றாள்.

கணீர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்காகத்தான் அவர் அந்த வரியைக் கொடுத்தார் என்பது அவளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று அவர் மனைவியிடம் கண்ணாலேயே கேட்டுக்கொண்டார். அவள் போன பிறகு அட்டையில் ‘நிறுத்து’ என்ற ஒரு சொல்லை மட்டும் காட்டினார்.

மனைவி செயலாளரிடம் போனாள். செயலாளர் இந்த முறை வாக்குக் கொடுக்கவில்லை. கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார். டயர் கடை மாடியில் எல்லாரும் கூடினார்கள். செயலாளர் எதையும் மறைக்காமல் சொன்னார். வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டாயிற்று, நிர்வாகம் மறுத்துவிட்டது. பதிவை நிறுத்தலாம்; நிறுத்தினால் இரண்டாம் தவணை வராது. குளிர்பெட்டி வந்துவிட்டது, அதை வைத்து வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் இனிமேல்தான் வர வேண்டும்.

“குடிகாரங்க நோய்னு ஊரே பேசுதே அம்மா” என்றார் ஒருவர்.

“துண்டறிக்கை அடிச்சு, குடியால வராதுன்னு போடலாம்” என்றார் செயலாளர். அவருடைய குரலில் அந்தத் துண்டறிக்கையின் மேல் நம்பிக்கை இல்லை.

தையற்காரப் பெண் எழுந்து நின்றாள். அவள் பேசியதைப் பாதிப் பேர்தான் புரிந்துகொண்டார்கள்.

“ஓடட்டும் அக்கா. பேரு போனது போனதுதான். நிறுத்தினா திரும்பி வந்துடுமா? மருந்தாவது வரட்டும்.”

மனைவி அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். அவர் இமையை மூடவில்லை. அட்டையைப் பார்க்காமல் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையை அவர் கண்களுக்கு நேரே கொண்டுபோனாள். அப்போது அவர் எழுத்துகளைக் காட்டினார். அவள் உரக்கப் படித்தாள்: “நிறுத்து.”

“தொடரலாம்னு சொல்றவங்க கையைத் தூக்குங்க” என்றார் செயலாளர்.

தூக்க முடிந்தவர்கள் தூக்கினார்கள். முடியாதவர்களுக்குத் துணைக்கு வந்தவர்கள் தூக்கிவிட்டார்கள். மகன் தாயின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினான்; கணவனின் முழங்கையை மனைவி உயர்த்தினாள். தையற்காரியின் கை எல்லாருடைய கையையும்விட உயரத்தில் இருந்தது. அது இன்னும் நன்றாகவே வேலை செய்தது.

“வேண்டாம்னு சொல்றவங்க?”

மனைவி கணீரின் வலக்கையைத் தூக்கினாள். எலும்பும் தோலுமாகிவிட்ட கை, ஆனாலும் கனத்தது. அது ஒன்றுதான் நின்றது. செயலாளர் தலை குனிந்தபடி ஏதோ எழுதிக்கொண்டு, அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டு நடைப்பயணத்துக்கு எந்தச் சாலையைக் கேட்பது என்று பேச்சு தொடங்கியது. மனைவி கையை இறக்கவில்லை. அவளுடைய தோள் நடுங்க ஆரம்பித்தது. ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தையற்காரப் பெண் நாற்காலிகளுக்கு இடையே ஒதுங்கி வந்து, இருவர் கைகளையும் சேர்த்துப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள்.

“போதும் அக்கா” என்றாள். “எழுதிட்டாங்க.”